காஸ்ட்லி இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்யலாமா?

தீபாவளி போனஸிலோ, மாதத் தவணையிலோ, வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொடுத்த பரிசாகவோ வீட்டுக்குள் ஒரு 25,000 ரூபாய் இயர்பட்ஸ் வந்துவிடுகிறது. முதல் வாரம் அதைத் தொடவே பயம். இரண்டாவது வாரம் மகன் அதை மாட்டிக்கொண்டு ஜிம்முக்குக் கிளம்புகிறான். "இவ்வளவு காசு போட்டு வாங்கினதை வியர்வையில நனைச்சு வீணாக்கணுமா?" என்று அப்பா கேட்கிறார். "பூட்டி வைக்கறதுக்கா வாங்கினேன்?" என்று மகன் திருப்பிக் கேட்கிறான். இப்போது பல வீடுகளில் நடக்கும் குட்டிப் பஞ்சாயத்து இது.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பதுதான் சிக்கல். பொருள் வியர்வையைத் தாங்குமா? கொடுத்த காசுக்கான பலன் உடற்பயிற்சியின்போது கிடைக்குமா? காதுக்கும் உயிருக்கும் அது பாதுகாப்பானதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாட்டு கேட்டால் உண்மையிலேயே தெம்பு கூடுமா?

கூடும். இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1911-ம் ஆண்டிலேயே லியோனார்ட் அயர்ஸ் என்பவர் நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைக் கவனித்து ஒரு கணக்கு எடுத்தார். பேண்டு வாத்தியம் முழங்கியபோது வீரர்களின் சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல். வாத்தியம் நின்றிருந்தபோது 17.9 மைல். அதன் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் காஸ்டாஸ் கராஜார்ஜிஸ் இதையே தன் வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர். பாட்டு கேட்டபடி நடக்கும்போது, ஓடும்போது அதே உழைப்பு கொஞ்சம் குறைவாகத் தோன்றுகிறது, மனநிலை உற்சாகமாகிறது, தாளத்துக்கு ஏற்பக் கால் விழுவதால் சக்தி வீணாவதும் குறைகிறது என்பதே இந்த ஆய்வுகளின் சாரம்.

எத்தியோப்பிய ஓட்ட வீரர் ஹெய்லி கெப்ரசெலாசி 1998-ல் பர்மிங்காமில் உள்ளரங்க 2000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது, 'ஸ்காட்மேன்' என்ற துள்ளல் பாட்டு மைதானத்தில் ஒலித்தது. அதன் தாளம்தான் அவருடைய காலுக்குக் கடிகாரம்.

கவனியுங்கள், அது மைதான ஸ்பீக்கரில் ஒலித்த பாட்டு. வீரர் காதில் எதையும் மாட்டியிருக்கவில்லை. உடலுக்குத் தெம்பு தருவது தாளம்தான், கருவியின் விலை அல்ல. 1,500 ரூபாய் இயர்பட்ஸில் வரும் தாளமும் 25,000 ரூபாய் இயர்பட்ஸில் வரும் தாளமும் ஒன்றே.

வியர்வை வெறும் தண்ணீர் அல்ல

இப்போது பொருளுக்கு வருவோம். சுறுசுறுப்பாக உடற்பயிற்சி செய்பவருக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்க்கலாம். நம் ஊர் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை சீக்கிரம் ஆவியாவதும் இல்லை. தலையிலிருந்து வழிந்து காது மடலில் தேங்கி நிற்கும்.

வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். இயர்பட்ஸின் அடியில் பளபளப்பான சின்னப் புள்ளிகளோ பட்டைகளோ தெரிகிறதே, அவைதான் சார்ஜ் ஏறும் முனைகள். வியர்வை ஈரத்தோடு கேஸுக்குள் வைத்து மூடும்போது அந்த முனைகளில் மின்சாரம் பாய்கிறது. உப்பு, ஈரம், மின்சாரம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அரிப்பு வேகமெடுக்கும். சில மாதங்களில் முனை கறுக்கும். ஒரு பக்கம் சார்ஜ் ஏறாது. "ஒரு காது மட்டும் வேலை செய்யலை" என்று சர்வீஸ் சென்டருக்கு வருபவற்றில் இது சகஜமான கதை.

தலையைச் சுற்றி மாட்டும் பெரிய ஹெட்போன்களுக்கு நிலைமை இன்னும் மோசம். காதை முழுக்க மூடும் மெத்தைக்குள் காற்று போகாது. உள்ளே சூடேறி, ஈரம் துளித்துளியாகப் படியும். ரெக்சின் போன்ற மேலுறை வியர்வையில் ஊறி, பிறகு செதில் செதிலாக உரியும். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ், சோனியின் டபிள்யூ.ஹெச்-1000எக்ஸ்.எம்.5 போன்ற உயர்விலை ஹெட்போன்களுக்குத் தண்ணீர் தாங்கும் மதிப்பீடே கிடையாது. விமானத்திலும் அலுவலகத்திலும் உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்யப்பட்டவை அவை. அவற்றை மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஓடுவது, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வீடு கழுவுவது மாதிரி.

பெட்டியில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

விலையை விட முக்கியமானது, பெட்டியில் ஐ.பி. என்று தொடங்கும் சின்னக் குறியீடு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த தரம் இது. முதல் எண் தூசுக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று இருந்தால், அந்தப் பரிசோதனைக்கான மதிப்பு தரப்படவில்லை என்று அர்த்தம்.

ஐ.பி.எக்ஸ்.4: எந்தத் திசையிலிருந்து தண்ணீர் தெளித்தாலும் தாங்கும். நடைப்பயிற்சி, ஜிம் வியர்வைக்கு இதுவே குறைந்தபட்சத் தேவை.

ஐ.பி.எக்ஸ்.5: குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். நிறைய வியர்ப்பவர்களுக்கும் தூறலில் ஓடுபவர்களுக்கும் ஏற்றது.

ஐ.பி.எக்ஸ்.7: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடங்கள் மூழ்கியிருந்தாலும் தாங்கும்.

ஐ.பி.54, ஐ.பி.57: மேலே சொன்னவற்றோடு தூசுப் பாதுகாப்பும் உண்டு. கடற்கரை மணலில் ஓடுபவர்கள் இதைப் பார்த்து வாங்கலாம்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, இந்தப் பரிசோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. உப்பு வியர்வை, சோப்பு நுரை, கடல் நீர், நீச்சல் குளத்து குளோரின் எதற்கும் இந்த எண் உத்தரவாதம் அல்ல. இரண்டாவது, இந்தப் பாதுகாப்பு நிரந்தரம் இல்லை. கீழே விழ விழ, பழையதாக ஆக ஆக, உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்புகள் தளர்ந்துவிடும். நிறுவனங்களே இதைத் தங்கள் குறிப்புகளில் சொல்கின்றன. மூன்றாவது, பல மாடல்களில் இயர்பட்ஸுக்கு மட்டும்தான் இந்த மதிப்பீடு, சார்ஜிங் கேஸுக்குக் கிடையாது. நனைந்த டிராக் பேன்ட் பாக்கெட்டில் கேஸைப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், விலை கூடினால் எண்ணும் கூடும் என்பது கிடையாது. சோனியின் டபிள்யூ.எஃப்-1000எக்ஸ்.எம்.5, போஸ் குவைட்கம்ஃபர்ட் அல்ட்ரா இயர்பட்ஸ் போன்ற மிக விலை உயர்ந்தவற்றுக்கும் ஐ.பி.எக்ஸ்.4தான். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பல இந்திய பிராண்டு இயர்பட்ஸிலும் ஐ.பி.எக்ஸ்.4 அல்லது 5 இருக்கிறது. வியர்வையைத் தாங்கும் விஷயத்தில் கூடுதலாகக் கொடுத்த இருபதாயிரம் ரூபாய்க்கு எந்தக் கூடுதல் பலனும் இல்லை.

வாரன்ட்டி காப்பாற்றுமா?

"ஒரு வருஷ வாரன்ட்டி இருக்கே" என்று தைரியமாக இருப்பவர்கள், அட்டையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளை ஒரு தடவை படித்துவிடுங்கள். திரவத்தால் ஏற்படும் சேதத்துக்கு வாரன்ட்டி செல்லாது என்று ஆப்பிள் உட்படப் பல நிறுவனங்களின் நிபந்தனையில் இருக்கும். "வியர்வை தாங்கும்" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், ஈரத்தால் பழுதானதற்கு இலவசப் பழுதுபார்ப்பு கிடைக்காமல் போகலாம்.

இன்னொரு உண்மையும் உண்டு. இயர்பட்ஸுக்குள் இருப்பது கடுகளவு லித்தியம் பேட்டரி. பெரும்பாலான மாடல்களில் அதை மாற்ற வழியில்லை. பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். தினமும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று வருடங்களில் அது தளர்ந்துபோகும். 1,500 ரூபாய்ப் பொருளுக்கும் 25,000 ரூபாய்ப் பொருளுக்கும் இந்த விதி பொதுதான். அதனால் காஸ்ட்லி இயர்பட்ஸை நகை மாதிரி நினைக்காதீர்கள். டயர் மாதிரி, ஓட ஓடத் தேயும் பொருள் அது. அதைத் தேய்க்கிற வேலை எதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் நாம் எடுக்க வேண்டிய முடிவு.

கொடுத்த காசு எங்கே போகிறது?

விலை உயர்ந்த இயர்பட்ஸில் நாம் காசு கொடுப்பது முக்கியமாக இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, வீணையின் மீட்டலும் பாடகரின் மூச்சும்கூடத் துல்லியமாகக் கேட்கும் ஒலித்தரம். இரண்டாவது, வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி.

ஓடும்போது இந்த இரண்டுமே அடிபட்டுவிடும். காதை ரப்பர் முனையால் இறுக்கமாக மூடிக்கொண்டு ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் 'தும்... தும்...' என்று உங்கள் காலடியே தலைக்குள் கேட்கும். உடலின் அதிர்வு எலும்பு வழியாகக் காதுக்கு வருகிறது. காதுத் துவாரம் அடைபட்டிருப்பதால் அது வெளியேற வழியில்லாமல் பெரிதாகக் கேட்கிறது. கூடவே மூச்சிரைப்பு, காற்று மைக்கில் மோதும் இரைச்சல். இவற்றுக்கு நடுவில் அந்த நுணுக்கமான ஒலித்தரத்தை யார் ரசிப்பது? இரவு கட்டிலில் சாய்ந்து இளையராஜாவைக் கேட்கும்போது கிடைக்கும் சுகம் டிரெட்மில்லில் கிடைக்காது.

ஒரே ஒரு இடத்தில் விலை உயர்ந்தது ஜெயிக்கிறது. அது சத்தமான ஜிம். அங்கே ஸ்பீக்கர் அலறும், இரும்புத் தட்டுகள் மோதும். அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க, சாதாரண இயர்பட்ஸில் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். சத்தம் அடக்கும் வசதி இருந்தால் பாதி வால்யூமே போதும். காதுக்கு அது நிஜமான நன்மை.

ரோட்டில் காது திறந்திருக்கட்டும்

ஜிம்முக்குள் வரமாக இருக்கும் அதே வசதி, ரோட்டுக்கு வந்ததும் ஆபத்தாக மாறுகிறது. சத்தம் அடக்கும் தொழில்நுட்பம் மிக நன்றாக அடக்குவது, ஒரே சீராக வரும் கனத்த ஒலிகளை. பஸ், லாரி இன்ஜின் உறுமலும் அந்த வகைதான். பின்னால் வரும் வண்டி அருகில் வரும்வரை தெரியாது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் ஏற்கெனவே சத்தமில்லாமல் வருகின்றன. தவறான திசையில் வரும் பைக், துரத்தும் தெருநாய், செயின் பறிக்கப் பின்தொடரும் ஆள் என எல்லாவற்றையும் கண்ணுக்கு முன்னால் காதுதான் கண்டுபிடிக்கும். விடியற்காலையில் தனியாக நடக்கும் பெண்களும் வயதானவர்களும் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

ரயில் தண்டவாளம் பக்கம் பேச்சே வேண்டாம். வாக்கிங் முடித்துக் குறுக்கு வழியில் தண்டவாளத்தைக் கடப்பது நம் ஊர்களில் பழகிப்போன விஷயம். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி அத்துமீறித் தண்டவாளத்துக்குள் நுழைவது ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். காதையும் அடைத்துக்கொண்டு கடப்பவருக்கு, சட்டத்துக்கு முன்னால் ரயில் வந்துவிடும்.

தடகளப் போட்டிகளிலும் இதற்கு இடமில்லை. போட்டி நடக்கும் இடத்தில் வீரர்கள் இசைக் கருவிகளைப் பயன்படுத்துவதை உலகத் தடகள அமைப்பின் விதி வெளியுதவியாகவே கருதுகிறது. பந்தயத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் பாட்டு இல்லாமல் ஓடவும் பழக வேண்டும்.

ரோட்டில் பாட்டு வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. காதுத் துவாரத்தை மூடாமல், கன்ன எலும்பில் அதிர்வைத் தரும் எலும்புவழி இயர்போன்கள், காது மடலில் கொக்கி போல் மாட்டும் திறந்த வகை இயர்பட்ஸ் இரண்டும் கடைகளில் கிடைக்கின்றன. உங்கள் இயர்பட்ஸில் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால், காற்று வீசும்போது அதில் இரைச்சல்தான் அதிகம் கேட்கும். எதுவும் இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு, வண்டிகள் வரும் பக்கத்துக் காதைத் திறந்து வையுங்கள்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

நம் உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் பிறவியிலேயே சுமார் 15,000தான் இருக்கின்றன. அழிந்தால் திரும்ப முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். சத்தம் மூன்று டெசிபல் ஏறினாலே நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 90 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினமும் ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் முழு வால்யூமில் ஜிம்மில் கேட்பவர் அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடுவார். உலகில் 12 முதல் 35 வயதுக்குள் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இப்படிக் கேட்டுக் கேட்டே செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அந்த நிறுவனம் எச்சரிக்கிறது.

எலும்புவழி இயர்போனில் கேட்டால் காது கெடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. அந்த அதிர்வும் கடைசியில் போய்ச் சேர்வது அதே உள்காதுக்குத்தான். வால்யூம் அதிகம் என்றால் அதிலும் பாதிப்பு உண்டு. ஜிம்மை விட்டு வெளியே வந்ததும் காதில் 'ங்ங்...' என்று ரீங்காரம் கேட்டால், அது காது கொடுக்கும் முதல் புகார். அது தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஈரமான, காற்றுப் போகாத காதுத் துவாரம் கிருமிகளுக்கும் பூஞ்சைக்கும் பிடித்தமான இடம். அரிப்பு, அடைப்பு, வலி, நீர் வடிதல் இருந்தால் குணமாகும்வரை இயர்பட்ஸுக்கு விடுமுறை கொடுங்கள். எண்ணெய் ஊற்றுவது, ஹேர்பின்னால் குடைவது வேண்டாம். அண்ணன் தம்பிக்குள்கூட இயர்பட்ஸை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

வாங்கியாகிவிட்டது, அதைத்தான் போடப்போகிறேன் என்பவர்கள் இந்தப் பழக்கங்களை மட்டும் கைவிடாதீர்கள்.

* உடற்பயிற்சி முடிந்ததும் நேராகக் கேஸுக்குள் போடாதீர்கள். மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, பத்துப் பதினைந்து நிமிடமாவது காற்றாட வைத்த பிறகு கேஸில் வையுங்கள்.

* சார்ஜ் ஏறும் முனைகளையும் கேஸின் உள்பக்கத்தையும் வாரத்துக்கு ஒரு முறை உலர்ந்த காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

* ரப்பர் முனைகளை மட்டும் கழற்றித் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். இயர்பட்ஸைக் குழாயடியில் காட்டாதீர்கள்.

* ஈரமானால் ஹேர் டிரையர் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூடு பேட்டரிக்கு எமன்.

* நீச்சலுக்கு எந்த ப்ளூடூத் இயர்பட்ஸும் உதவாது. தண்ணீருக்குள் ப்ளூடூத் அலை போகாது. பாட்டைத் தனக்குள்ளேயே சேமித்து வைக்கும் நீச்சல் வகை தனியாக இருக்கிறது.

* போனின் செட்டிங்ஸில் வால்யூம் எல்லை வைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பிள்ளைகளின் போனில் கட்டாயம்.

யாருக்கு எது?

காலை நடை போகும் அம்மா அப்பாவுக்கு: நெக்பேண்டு அல்லது திறந்த வகை. நெக்பேண்டு காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில் நிற்கும், சாக்கடைக்குள் விழாது. வாகனம் ஓடும் சாலையில் மெல்லிய வால்யூம், அல்லது ஒரு காது மட்டும்.

ரோட்டில் ஓடுபவர்களுக்கு: எலும்புவழி அல்லது திறந்த வகை, ஐ.பி.55 அல்லது அதற்கு மேல்.

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளுக்கு: ஐ.பி.எக்ஸ்.4-க்குக் குறையாத, நடுத்தர விலை இயர்பட்ஸ். சத்தம் அடக்கும் வசதி இருந்தால் நல்லது. இப்போது 2,000, 3,000 ரூபாய் மாடல்களிலேயே அது கிடைக்கிறது.

வீட்டில் யோகா செய்பவர்களுக்கு: இயர்பட்ஸே வேண்டாம். போன் ஸ்பீக்கர் போதும்.

ஆக, அப்பா மகன் பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு இதுதான். மதிப்பீடு இல்லாத காஸ்ட்லி ஹெட்போன் என்றால் அப்பா சொல்வது சரி, அது வீட்டிலேயே இருக்கட்டும். ஐ.பி.எக்ஸ்.4-ம் அதற்கு மேலும் உள்ள இயர்பட்ஸ், மூடிய ஜிம், மிதமான வால்யூம் என்றால் மகன் சொல்வது சரி, தாராளமாகப் போடலாம். இரண்டாவது ஜோடி வாங்க 1,500 ரூபாய் செலவழிக்க முடியும் என்றால் இரண்டு பேருமே ஜெயிக்கலாம். காஸ்ட்லியானது பாட்டு ரசிக்க, மலிவானது வியர்வை சிந்த. ரோட்டில் நடக்கும்போது மட்டும் எந்த விலை இயர்பட்ஸாக இருந்தாலும், பின்னால் வரும் ஹாரன் முதலில் கேட்கட்டும். பாட்டு அப்புறம்.